தோளும் தேரும்

ஊர்திகள் பலவகைப்படும். மாடு இழுப்பன சில. குதிரை இழுப்பன சில. காற்று உந்துவன சில. நீராவியும் எண்ணெயும் மின்சாரமும் மனிதனுக்கு ஏவல் செய்யத் தொடங்கிய பின்னர், மலையைக் குடைந்து செல்லும் தொடர்வண்டியும் வானில் பறந்து செல்லும் விமானமும் தோன்றின. இவை யாவும் ஒரே நோக்கத்துடன் பிறந்தவை. சேரவேண்டிய இடத்தை விரைவில் சேர வேண்டும், சேர்கின்றவன் களைப்பின்றிச் சேர வேண்டும், இதுவே அந்நோக்கம்.

இந்நோக்கத்திற்கு முற்றிலும் மாறான ஊர்திகளும் உலகில் உண்டு. அவை விரைந்து செல்வதில்லை. மனிதனுடைய உழைப்பைக் குறைப்பதுமில்லை. அவற்றை மனிதனே மிதிக்க வேண்டும். அல்லது இழுக்க வேண்டும். அல்லது தோளில் சுமக்க வேண்டும். சிற்பமும் வண்ணமும் அவற்றின் உடல்; மனிதனுடைய மூச்சே அவற்றின் உயிர். பயன் கருதுவோர் அவற்றைக் கண்டு நகைக்கலாம். ஆயினும், அவை வருகின்றன என்றால் ஊரே வீதியில் திரண்டு நிற்கிறது. விரைந்து செல்லும் வண்டிகளைத் திரும்பியும் பாராத மக்கள், மெல்ல அசைந்து வரும் இவ்வூர்திகளைக் காண வெயிலில் நாழிகைக் கணக்காகக் காத்திருக்கின்றனர். இதன் காரணம் யாது?

அமெரிக்க நாட்டின் மேலைக் கடற்கரையில் கலிபோர்னியா மாநிலம் உள்ளது. அதன் வடபகுதியில் ஃபெர்ண்டேல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரில் ஹோபார்ட் பிரவுன் என்னும் சிற்பி வாழ்ந்தார். 1969 ஆம் ஆண்டில் அவர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டியைச் செப்பனிட எடுத்தார். செப்பனிடும் வேலை மெல்ல மெல்லச் சிற்ப வேலையாக மாறிற்று. மூன்று சக்கரம் ஐந்து சக்கரமாயிற்று. சிறுவன் ஏறும் வண்டி ஆளுயர விந்தையாயிற்று. அதனைக் கண்ட மற்றொரு கலைஞராகிய ஜாக் மேஸ், அதனினும் சிறந்ததொரு வண்டியைத் தாம் செய்து ஓட்டுவதாக அறைகூவினார். செய்தி பரவவே, வேறு சிலரும் தத்தம் கற்பனைக்கு எட்டிய ஊர்திகளைச் செய்து கொணர்ந்தனர். ஊரின் பெருந்தெருவில் ஓட்டப் பந்தயம் நடைபெற்றது. அறைகூவிய இருவரும் அதில் வெல்லவில்லை. புகை கக்கிக்கொண்டு ஊர்ந்து வந்த ஆமை வடிவ வண்டி ஒன்றே வெற்றி பெற்றது!

விளையாட்டாகத் தொடங்கிய அப்பந்தயம் ஆண்டுதோறும் நிகழும் பெருவிழாவாக வளர்ந்தது. ஆர்காட்டா என்னும் நகரில் தொடங்கி ஃபெர்ண்டேலில் முடியும் மூன்று நாள் பயணமாக அது விரிந்தது. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளும் அவ்வழியில் சாலையும் உண்டு; கால் புதையும் மணல் மேடும் உண்டு; கடல் சார்ந்த நீர்ப்பரப்பும் உண்டு. இவை அனைத்தையும் பொறியின் துணையின்றி, மனித வலிமை ஒன்றினாலேயே கடத்தல் வேண்டும். மீன், பறவை, நாய், தேநீர்க் கெண்டி என எவ்வடிவிலும் ஊர்தி அமையலாம். முதலில் வருபவர்க்கு மட்டுமன்றி, வரிசையின் நட்டநடுவில் வருபவர்க்கும் அங்கே பரிசு உண்டு. புறப்பட்டவுடன் முதலில் பழுதாகி நிற்கும் ஊர்திக்கும் பரிசு உண்டு. பெரியோர் இவ்வாறு மகிழ்ந்து விளையாடக் கண்டால், சிறுவர்க்கும் வளர்ந்து பெரியோராக வேண்டும் என்னும் ஆசை பிறக்கும் என்பது ஹோபார்ட் பிரவுனின் கருத்து. அவர் 2007 ஆம் ஆண்டில் மறைந்தார், பந்தயம் மறையவில்லை. பால்டிமோர் முதலிய பிற நகரங்களிலும் அது வேரூன்றியது.

இதனைக் கேட்கும் தமிழ் மாணவர் வியப்படையலாம். ஆனால், சற்றுச் சிந்தித்தால், இத்தகைய ஊர்தி தமக்குப் புதியது அன்று என்பதை உணர்வர். மயிலும் யானையும் அன்னமும் ஆளியும் மரத்தில் வடித்து, வண்ணம் தீட்டி, தோளில் ஏற்றி வீதிவலம் வந்த மரபு தமிழர் மரபு. பல அடுக்குத் தேரைக் கோபுரம்போல் உயர்த்தி, ஊர் கூடி இழுத்து வந்த மரபும் தமிழர் மரபே. ஃபெர்ண்டேல் மக்கள் வேடிக்கைக்காகச் செய்வதைத் தமிழர் வழிபாட்டிற்காகச் செய்கின்றனர். நோக்கம் வேறு, எனினும், மனிதன் தன் உடல் வலிமையைக் கலைக்கு உயிராகத் தருவது இரண்டிடத்தும் ஒன்றே. அங்கே மணலையும் நீரையும் நோக்கி ஊர்திகள் செல்வதுபோலவே, இங்கும் ஒரு கடற்கரையில் ஆண்டுக்கு ஒருமுறை ஊர்திகள் வந்து கூடுகின்றன. அக்கடற்கரைச் சிற்றூரின் பெயர் பட்டினச்சேரி.

காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலோடு கலக்கும் வளநாட்டின் கரையில் அமைந்தது காரைக்கால். அது புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. ஆயினும், கிழக்கே கடலும் மற்றைத் திசைகளில் தமிழ்நாட்டு நிலமும் சூழ்ந்து நிற்பது. 1739 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்ற அந்நிலம், 1954 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இந்தியாவுடன் இணைந்தது. காரைக்கால் நகருக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினம் உள்ளது. சொற்போரில் வல்ல காளமேகப் புலவர் இவ்வூருக்கு வந்தார் என்றும், அவமதிக்கப்பட்டமையால் சினந்து, ஊர்மேல் மண்மாரி பொழியுமாறு பாடினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. புலவரின் சினம் எவ்வாறாயினும், அவ்வூரின் கடலோரத்தில் மணலுக்குக் குறைவில்லை. அம்மணலின்மேல் அமைந்த மீனவர் ஊரே பட்டினச்சேரி.

அவ்வூர் மக்கள் கடலை நம்பி வாழ்பவர். விடியுமுன் அலையைக் கடந்து சென்று, கிடைத்ததைக் கொண்டு மீள்பவர். நெய்தல் நிலத்து வாழ்க்கை அன்றும் எளிதன்று, இன்றும் எளிதன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள், ஆழிப்பேரலை காரைக்கால் கரையோரச் சிற்றூர்களின்மேல் ஏறி, எத்தனையோ உயிர்களைக் கொண்டுசென்றது. அள்ளித் தரும் கடலே அள்ளிக்கொண்டும் போகும் என்பதை அம்மக்கள் நூல்களில் படித்து அறிந்தவர் அல்லர். கண்ணால் கண்டு அறிந்தவர். அத்தகைய கடலின் கரையில்தான் மாசி மகத் திருவிழா நடைபெறுகிறது.

நாகப்பட்டின மாவட்டத்தில் திருக்கண்ணபுரம் என்னும் திருத்தலம் உண்டு. ஆழ்வார்களால் பாடப்பெற்ற பெருமையுடையது அது. அங்கு எழுந்தருளியுள்ள உற்சவர்க்குச் சௌரிராசப் பெருமாள் என்பது திருப்பெயர். இப்பெருமாளுக்கும் மீனவர்க்கும் உள்ள உறவைக் குறித்து ஒரு பழங்கதை வழங்கி வருகிறது. மீனவர் தலைவன் ஒருவனுக்குப் பத்மினி என்னும் மகள் இருந்தாள். அவள் பெருமாளையன்றிப் பிறரை மனத்தாலும் நினையாதவள். அவளுடைய அன்பிற்கு இரங்கிய பெருமாள், தாமே வந்து அவளை மணந்துகொண்டார் என்பது கதை. இன்றும் அக்கோவிலில் அவள் பத்மினி நாச்சியார் என்னும் பெயரால் போற்றப்படுகிறாள்.

மகள் புகுந்த வீட்டிற்குச் சென்றபின், பிறந்த வீட்டார் மருமகனை விருந்துக்கு அழைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கம் அன்றோ? மாசி மாதத்தில் மக நாளில், திருக்கண்ணபுரத்துப் பெருமாள் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளுகிறார். மற்றைத் தலங்களில் மக்கள் இறைவனை 'ஆண்டவா' என்று அழைப்பர். 'அப்பனே' என்று அழைப்பர். பட்டினச்சேரி மக்களோ, 'மாப்பிள்ளை வருகிறார்!' என்று முழங்கி வரவேற்கின்றனர். இச்சொல்லைக் கேட்கும் வெளியூரார் முதலில் திகைப்பர். பின்னர், அதன் பொருளை அறிந்ததும் நெகிழ்வர். பெருமாள் அவ்வூர்க்கு அரசராக வரவில்லை, விருந்தினராகவும் வரவில்லை, வீட்டு மருமகனாக வருகிறார்.

மாமனார் வீட்டுக்கு வரும் மருமகனை அவ்வூரார் மணலில் நடக்க விடுவரோ? தோள்மேல் ஏற்றிக்கொள்கின்றனர். பெருமாளை மீனவர் சுமந்து கடலை நோக்கி நடக்கின்றனர். அவர் மட்டும் தனியே வருவதில்லை. காரைக்கால் நித்தியகல்யாணப் பெருமாளும், நிரவிக் கரியமாணிக்கப் பெருமாளும், திருமலைராயன்பட்டினத்து வீழிவரதராசப் பெருமாளும் அந்நாளில் அக்கரைக்கு எழுந்தருளுகின்றனர். வெவ்வேறு ஊர்களிலிருந்து வெவ்வேறு ஊர்திகள் வந்து, ஒரே மணற்பரப்பில் அலைகளை நோக்கி நிற்கும் காட்சி, காண்பவர் கண்ணை விட்டு அகலாதது. கடலில் தீர்த்தவாரி நிகழும்போது, கரையில் நிற்கும் மக்களும் நீராடுகின்றனர்.

இவ்வூர்திகள் எவ்வாறு செல்கின்றன என்பதை உற்று நோக்குதல் வேண்டும். கருடன் போன்ற வாகனம் மரத்தில் செதுக்கப்படுவது. விரிந்த சிறகும், வளைந்த மூக்கும், பணிந்த முழங்காலும் உடையது. அதன்மேல் உற்சவத் திருமேனி, திருமேனியின்மேல் அணிகலன், அதற்கும் மேல் மலர் மாலை. இத்தனை சுமையும் நீண்ட தண்டுகளின்மேல் நிற்கிறது. தண்டுகளைத் தோளில் தாங்குவோரைச் சீர்பாதம் தாங்குவோர் என வைணவர் மதித்து அழைப்பர். தாங்குவோர் அனைவரும் ஒத்த உயரத்தினராய் நின்றால்தான் தண்டு சாயாது நிற்கும். குள்ளமானவன் தோளில் சுமை ஏறாது. நெட்டையானவன் தோளில் மிகுதியாக ஏறும். ஆகவே, உயரம் பார்த்து ஆள் நிறுத்துவர். ஒருவன் இடக்கால் வைக்கும்போது மற்றவன் வலக்கால் வைத்தால் ஊர்தி குலுங்கும். எனவே, மேளத்தின் தாளத்திற்கு இசைய அனைவரும் அடி வைப்பர். தோள் மாற்றிக்கொள்ளும்போதும், 'இப்போது' என்னும் ஒரே குறிப்பில் மாற்றிக்கொள்வர். இளைப்பாற வேண்டின், ஆயக்கால் என்னும் முட்டுக்கோலைத் தண்டின்கீழ்க் கொடுத்து நிறுத்துவர்.

கல் பாவிய வீதியில் இவ்வாறு நடப்பதே கடினம். மணலிலோ கடினம் இருமடங்காகிறது. வைத்த கால் புதையும். புதைந்த காலை எடுக்குமுன் தோள் தாழும். ஒரு தோள் தாழ்ந்தால் சுமை பக்கத்துத் தோளுக்குப் பாயும். அவ்வேளையில், பக்கத்தில் நிற்பவன் முணுமுணுக்காமல் அதனைத் தாங்கிக்கொள்ள வேண்டும். மறு அடியில் அவன் கால் புதையலாம்; அப்போது முதல்வன் தாங்குவான். இக்கலையைப் பட்டினச்சேரி மக்களுக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. படகை மணலில் ஏற்றுவதும் இறக்குவதும் பலர் கூடிச் செய்யும் வேலை. கரைவலையை இழுப்பதும் பலர் கூடிச் செய்யும் வேலை. கயிற்றைப் பிடித்தவருள் ஒருவன் சோர்ந்தாலும் மற்றவர் கைக்கு அது தெரிந்துவிடும். அன்றாட உழைப்பில் பழகிய அந்த ஒற்றுமையே, திருவிழா நாளில் வழிபாடாக மலர்கிறது.

தோளில் சுமக்கும் ஊர்திக்கு நடையழகும் உண்டு. திருவரங்கத்தில் பெருமாளைச் சுமப்போர் சிம்மகதி என்றும் சர்ப்பகதி என்றும் பல நடைகளை நடந்து காட்டுவர். சிங்கம் பாய்வதுபோல் ஒரு நடை. பாம்பு நெளிவதுபோல் ஒரு நடை. வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் திருமங்கை மன்னன் வேடுபறி என்னும் நிகழ்ச்சி நடைபெறும் நாளில், பெருமாள் குதிரை வாகனத்தில் மணல்வெளிக்கு எழுந்தருளுவார். அப்போது, சுமப்போர் முன்னும் பின்னும் வளைந்தும் விரைந்தோடுவர். அதற்கு வையாளி என்பது பெயர். மரக்குதிரை உயிர்பெற்றுப் பாய்கிறது என்றே காண்போர் எண்ணுவர். ஓடுவது குதிரை அன்று. குதிரைக்குக் காலாக நிற்கும் மனிதரே ஓடுகின்றனர். அவர்தம் முகத்தில் வியர்வை வழியும். கூடவே பெருமிதமும் ஒளிரும்.

இங்கே ஒரு கேள்வி எழுதல் இயல்பு. மனிதனை மனிதன் சுமப்பதும் இழுப்பதும் இழிவு என்று அறிவுலகம் கூறுகிறதே. அங்ஙனமாயின், ஊர்தி சுமக்கும் இத்தொழிலை மட்டும் புகழ்வது எவ்வாறு பொருந்தும்? இக்கேள்வியைத் தட்டிக்கழித்தல் ஆகாது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரித் தெருக்களில் புஷ்புஷ் என்னும் வண்டி ஓடிற்று. பிரெஞ்சு மொழியில் அதற்குத் 'தள்ளு, தள்ளு' என்பது பொருள். உள்ளே அமர்ந்தவர் முன்னுள்ள கோலைப் பிடித்துத் திசையைத் திருப்புவார். பின்னே நின்ற ஆள் வெயிலில் ஓடி ஓடித் தள்ளுவான். அமர்ந்தவர்க்குக் குடை நிழல், தள்ளியவனுக்குச் சுடுமணல். சென்னை முதலிய நகரங்களிலும் மனிதர் இழுக்கும் கை ரிக்‌ஷாக்கள் நெடுங்காலம் ஓடின. மனிதனை மனிதன் இழுக்கும் அவலம் ஒழிய வேண்டும் என்று கருதி, தமிழ்நாட்டு அரசு 1973 ஆம் ஆண்டில் கை ரிக்‌ஷாவை ஒழித்தது. இழுத்தவர்களுக்கு மாற்றாகச் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் வழங்கப்பட்டன.

புஷ்புஷ் வண்டியும் மனித வலிமையால் ஓடியது. மாசி மகத்துக் கருடனும் மனித வலிமையால் செல்கிறது. தசையின் வேலை இரண்டிலும் ஒன்றே. ஆனால், அவற்றிடையே உள்ள வேற்றுமை மலைக்கும் மடுவுக்கும் உள்ளதாகும். வண்டியைத் தள்ளியவன் வயிற்றுக்காகத் தள்ளினான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. ஊர்தியைச் சுமப்பவனோ விரும்பி முன்வருகிறான். இடம் கிடையாவிடின் வருந்துகிறான். வண்டியைத் தள்ளியவன் தனியன். அவன் களைத்தால் கைகொடுப்பார் இல்லை. ஊர்தியைச் சுமப்பவனுக்கு இருபுறமும் தோழர் உண்டு. வண்டியில் ஒருவன் அமர, மற்றொருவன் உழைத்தான். திருவிழாவிலோ உழைக்காமல் மேலே அமர்ந்து செல்லும் செல்வன் எவனும் இல்லை. செல்வனும் வறியனும் கீழேயே நிற்கின்றனர். ஃபெர்ண்டேல் பந்தயத்திலும் அவ்வாறே. ஊர்தியில் அமர்ந்திருப்பவனே அதனை மிதிப்பவனும் ஆவான். உழைப்பு இழிவு அன்று. ஒருவன் உழைப்பின்மேல் மற்றொருவன் சாய்ந்து அமர்வதே இழிவு.

தேரும் இவ்வுண்மையையே கூறுகிறது. பட்டினச்சேரிக்கு மேற்கே சில மணி நேரப் பயணத்திற்குள் அடையத்தக்க திருவாரூரில் ஆழித்தேர் உள்ளது. அலங்காரம் முடிந்து நிற்கும்போது அதன் உயரம் 96 அடி. எடை ஏறக்குறைய 300 டன். பழைய தேர் தீக்கிரையானபின், 1930 ஆம் ஆண்டில் புதிய தேர் உருவாயிற்று. 1948 ஆம் ஆண்டிற்குப்பின் அத்தேர் ஓடாமல் நின்றுவிட்டது. பின்னர், திருச்சிராப்பள்ளிப் பாரத மிகுமின் நிலையத்தாரின் துணையால் நீரழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவி பொருத்தப்பெற்று, 1970 ஆம் ஆண்டில் அது மீண்டும் ஓடிற்று. அதற்குமுன், தேரை நிறுத்தவும் திருப்பவும் சக்கரத்தின்கீழ் இடும் முட்டுக்கட்டை ஒன்றே துணையாக இருந்தது. இப்போது புல்டோசர் எந்திரங்களும் பின்னின்று உந்துகின்றன. எனினும், மக்கள் வடத்தை விடவில்லை. எந்திரமே தேரைத் தள்ளிவிடுமே, வடம் எதற்கு என்று எவரும் கேட்பதில்லை. தேர் நகர்வது மட்டுமே அவர்கள் வேண்டுவது அன்று. தம் கையால் தேர் நகர வேண்டும் என்பதே அவர்கள் வேண்டுவது.

'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்பது தமிழர் நாவில் வழங்கும் தொடர். அதில் ஊர் என்பது யாரைக் குறிக்கும்? ஊரில் வாழும் அனைவரையும் குறிக்க வேண்டும் என்று அறிவுடையோர் கூறுவர். ஆனால், நடைமுறையில் அது எப்போதும் அவ்வாறு இருந்ததில்லை. சிவகங்கை மாவட்டத்துக் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் தேரின் வடத்தைத் தொடும் உரிமை எல்லாச் சமூகத்தார்க்கும் உண்டா என்னும் பூசல் மூண்டது. வழக்கு மன்றம் வரை சென்ற அப்பூசலால் தேர் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றது. 2024 ஆம் ஆண்டில், காவலர் பாதுகாப்புடன் எல்லாச் சமூகத்தாரும் வடம் பிடிக்க, அது மீண்டும் ஓடியது. தேருக்குச் சக்கரம் உண்டு; அச்சு உண்டு; வடமும் உண்டு. ஆனால், இழுப்போர் மனம் ஒன்றாவிடின், அது நிலையை விட்டு ஓர் அடியும் பெயராது. தேர் நிற்கும்போது நிற்பது தேர் மட்டுமன்று, ஊரும் நின்றுவிடுகிறது.

இந்நிலையில் வைத்து நோக்கும்போதுதான், 'மாப்பிள்ளை' என்னும் அந்த ஒரு சொல்லின் பெருமை விளங்கும். வலை வீசி வாழ்வோர் என்று பிறர் ஒதுக்கி வைத்த காலமும் இருந்திருக்கலாம். ஆயினும், தம் வீட்டுப் பெண்ணைக் கொண்டவர் பெருமாள் என்று அம்மக்கள் உரக்கச் சொல்கின்றனர். எவரிடமும் உரிமையை இரந்து கேட்கவில்லை. உறவு சொல்லி உரிமை கொண்டாடுகின்றனர். உறவினர் தோள் கொடுப்பதை யார் தடுக்க இயலும்? பெருங்கோவிலின் ஊர்தி மீனவர் மணலுக்கு இறங்கி வருகிறது. அம்மணலில் அதனை வழிநடத்தும் வல்லமை மீனவர்க்கே உண்டு. உயர்வு தாழ்வு என்னும் கணக்கை, புதை மணலும் பழங்கதையும் சேர்ந்து அழித்துவிடுகின்றன.

காலம் மாறி வருகிறது. பல ஊர்களில் சுமப்பதற்குப் போதிய ஆள் கிடைப்பதில்லை. இளைஞர் படிப்பிற்கும் வேலைக்கும் வெளியூர் சென்றுவிடுகின்றனர். ஆகவே, சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியின்மேலோ டிராக்டரின்மேலோ வாகனத்தை ஏற்றி உலா வரும் கோவில்கள் பல. அதனைக் குறை கூறுதல் முறையன்று. முதியோர் தோளில் பெருஞ்சுமையை ஏற்றுவதைவிட அது நன்றே. ஆனால், டிராக்டர் இழுக்கும் ஊர்தியின்பின் நடப்பவர் காண்போர் ஆகின்றனர்; செய்வோர் ஆவதில்லை. ஊர்தி முன்போலவே அழகாக இருக்கிறது. மாலையும் விளக்கும் முன்போலவே இருக்கின்றன. ஒருவன் கால் புதையும்போது அருகில் உள்ளவன் தாங்கிக்கொண்ட அந்தக் கணம் மட்டும் காணாமற்போகிறது. அந்தக் கணத்திற்காகவே அவ்வூர்திகள் உண்டாயின என்று சொன்னாலும் தவறாகாது.

காரைக்காலில் மாங்கனித் திருவிழா நிகழும்போது, பிச்சாடன மூர்த்தி பவளக்கால் சப்பரத்தில் உலா வருவார். மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை இறைப்பர். கனியைப் பிடிக்க ஓடும் சிறுவர் கூட்டம் அங்கே மிகுதி. திருநள்ளாற்றில் சனீசுவரர் பொற்காக்கையின்மேல் வருவார். அண்ணாந்து பார்க்கும் சிறுவர் அங்கும் மிகுதி. பட்டினச்சேரி மணலிலும், தண்டின் ஓரமாகச் சிறுவர் ஓடி வருகின்றனர். அவர்கள் தோள் இன்னும் தண்டுக்கு எட்டுவதில்லை. எட்டும் நாள் எப்போது என்னும் ஏக்கம் அவர்கள் பார்வையில் தெரியும். பெரியோர் மகிழ்ந்து செய்வதைக் கண்டால் சிறுவர்க்கும் வளர ஆசை பிறக்கும் என்று கடல் கடந்த நாட்டுச் சிற்பி கூறிய கருத்து, இங்கே எவரும் கூறாமலே மெய்யாகிறது.

ஊர்தியின் சிறப்பு அதன் விரைவில் இல்லை. வேகம் ஒன்றே வேண்டுமெனில், அதற்குப் பொறிகள் பல உண்டு. மனிதர் தம் தோளையும் காலையும் தந்து இயக்கும் கலையூர்தி, எவ்விடத்தை அடைகிறது என்பதைவிட, எவரையெல்லாம் சேர்த்துக்கொண்டு அடைகிறது என்பதாலேயே சிறக்கிறது. சுமப்போர் வரிசையில் எல்லோர்க்கும் இடம் தருதல் வேண்டும். பக்கத்துத் தோள் தாழும்போது தன் தோளை உயர்த்துதல் வேண்டும். தான் களைத்தபோது பிறனுக்கு இடம் விடுதல் வேண்டும். இம்மூன்றும் அமைந்த ஊரில் கருடன் மணலிலும் பறக்கும். தேர் மேட்டிலும் ஏறும்.